ங-வுக்கு ஒரு சொல்

தம்பி, இதை அப்பாவைக் கொண்டு வாசிப்பியாதை. அறைக் கதவைச் சாத்திப்போட்டு, எழுத்து எழுத்தாக் கூட்டி, வாய்விட்டு நீயே வாசி. உனக்கு அது ஏலும் எண்டு எனக்கு நேற்றுத்தான் தெரியும். இருபது வருசத்துக்கு மேலை ஒண்டா இருந்தும் நான் உனக்குத் தமிழிலை எழுதுற முதல் கடிதம் இது. புத்தகத் தமிழிலை எழுதினால் உனக்கு ஒரு கோதாரியும் விளங்காது. அதாலை குசினியிலை நிண்டு உன்னைக் கூப்பிட்டுக் கத்துறமாதிரியே எழுதுறன். விளங்காத இடத்தை ரெண்டு தரம் வாசி. நான் எங்கையும் ஓடிப்போகப் போறதில்லை.

வாற சனிக்கிழமை காலமை, நீ கட்டப்போற லின்டா வீட்டிலை, அவையின்ரை சைனா முறைப்படி தேத்தண்ணி குடுக்கிற சடங்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கடை முறைப்படி மண்டபத்திலை தாலிகட்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு நான் முன்னுக்கு நிப்பன், சனிக்கிழமைக்கு வரமாட்டன், முழங்கால் நோ எண்டு உனக்குச் சொன்னன். நீ ஃபோனிலை, "உங்கடை விருப்பம் அம்மா" எண்டு இங்கிலீசிலை சொல்லிப்போட்டு வைச்சிட்டாய். முழங்கால் நோ உண்மைதான். ஆனா வரமாட்டன் எண்டதுக்கு அது காரணமில்லை. காரணம் பொறாமை. வேறை பேர் வைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. உன்ரை மாமியாரிலை எனக்கு வயித்தெரிச்சல், சரியான வயித்தெரிச்சல். மூண்டு மாசமா நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கேல்லை. அப்பா பிறஷர் எண்டு நினைச்சு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?

அந்தச் செவ்வாய்க்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். அவையின்ரை டேக்கவே சாப்பாட்டுக்கடை செவ்வாயிலை பூட்டு எண்டபடியால் அண்டைக்குத்தான் முதல்முதலா எங்களைக் கூப்பிட்டினம். செவன் கிங்ஸ் ஸ்டேசனிலை இறங்கி நடந்து, கடைக்குப் பக்கத்துக் கதவாலை மேலை ஏறினம். நான் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு, சங்கிலி எல்லாம் போட்டுக்கொண்டு வந்தன், எங்களையும் ஆக்கள் எண்டு அவை மதிக்கட்டும் எண்டு. உன்ரை மாமியார் சட்டைக் கையை முழங்கை மட்டும் மடிச்சுவிட்டு, ஈரக் கையோடை வந்து நிண்டா. என்னிலும் பார்க்கக் குள்ளம். ஆனா காலைப் பார்த்தன், நிலத்திலை நட்டுவைச்ச மாதிரி நிண்டா. மற்றச் சைனாப் பொம்பிளையள் காலைக் கட்டிச் சின்னனாக்கின அந்தக் காலத்திலையும் அவையின்ரை பொம்பிளையள் கட்டினதில்லையாம், வயலிலை ஆம்பிளையோடை சரிக்குச் சரி நிண்டு வேலை செய்தவையாம், அதை லின்டா ஒருநாள் பெருமையாச் சொன்னவள். எனக்கு அதுவும் எரிஞ்சுது. நானும் ஆஸ்பத்திரிச் சமையலறையிலை பதினாறு வருசம் பெரிய சட்டியெல்லாம் தூக்கினவள்தான். என்ரை காலைப்பற்றி ஆரும் பெருமையாக் கதைச்சதா எனக்கு ஞாபகமில்லை.

பிறகுதான் அது நடந்தது. நீ நேரை அவையின்ரை குசினி வாசலிலை போய் நிண்டு, அவவோடை கதைக்கத் தொடங்கினாய். இங்கிலீசில்லை. அவையின்ரை பாசையிலை. எட்டு ஒம்பது வயதுக்குப் பிறகு நான் தமிழிலை கேட்க நீ இங்கிலீசிலை மறுமொழி சொல்லுற பிள்ளை. "சாப்பிட்டியோ" எண்டால் "யெஸ்". "எங்கை போறாய்" எண்டால் "அவுட்". ஓம் எண்ட ரெண்டெழுத்துச் சொல்லுக்கே உனக்கு வாய் வராது. அந்த வாயாலை அந்த மனிசியோடை மடமடவெண்டு கதைக்கிறாய். அதுக்குள்ளை "ஆமே", "ஆமே" எண்டு நாலைஞ்சு தரம் வந்துது. பக்கத்திலை இருந்த லின்டாவிட்டை, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை, "ஆமே எண்டால் என்ன பிள்ளை?" எண்டு கேட்டன். "மம், ஆன்ரி" எண்டாள். அவ்வளவுதான். கலியாணத்துக்கு மூண்டு மாசம் கிடக்கு, அதுக்குள்ளை என்ரை பிள்ளை இன்னொருத்தியை அம்மா எண்டு கூப்பிடுறான்! நான் பெத்து, நான் வளர்த்து, அங்கை குசினி வாசலிலை நிண்டு அவவுக்கு அம்மாப் பட்டம் குடுக்கிறான்.

இன்னொண்டும் பார்த்தன், அதுதான் கூட நொந்தது. நீ ஏதோ ஒரு சொல்லைப் பிழையாச் சொல்லிப்போட்டாய் போலை, லின்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சாள். தாய் சிரிக்கேல்லை. வெங்காயத்தாள் வெட்டினபடியே, தலை நிமிராமல், அந்தச் சொல்லை ஒருக்காச் சரியாச் சொன்னா. நீ திருப்பிச் சொன்னாய். அவ தலையாட்டிப்போட்டு அடுத்த கதைக்குப் போட்டா. இது என்ன பெரிய காரியம் எண்டு நீ நினைப்பாய். நான் பேந்து சொல்லுறன்.

மேசையிலை உன்ரை மாமனார் கதை சொன்னார், நீ எங்களுக்கு இங்கிலீசிலை மாத்திச் சொன்னாய். அவையைச் சும்மா சைனாக்காரர் எண்டு சொல்லிப்போட்டு விடேலாதாம், அவை ஹக்காவாம். வடக்கிலையிருந்து சண்டைக்கும் பஞ்சத்துக்கும் தப்பித் தலைமுறை தலைமுறையாத் தெற்காலை நகர்ந்து வந்தவையாம். வந்த இடத்திலை ஆத்தங்கரை நிலமெல்லாம் முந்தி வந்தவையின்ரை கையிலை, இவைக்குக் கிடைச்சது மலைச்சரிவாம். முந்தி வந்தவை வைச்ச பேர்தான் ஹக்கா. ஹக் எண்டால் விருந்தாளி, கா எண்டால் குடும்பம். எத்தினையோ நூறு வருசம் போயும் விருந்தாளி விருந்தாளிதானாம். கடைசியிலை இவையும் அந்தப் பேரைத் தங்கடை பேராவே எடுத்துக்கொண்டினமாம். நீ அதைச் சொல்லேக்கை உன்ரை முகத்திலை ஒரு வெளிச்சம். என்னிலை கிடந்த எரிச்சலைக் கிளப்ப அந்த வெளிச்சமே காணும், வேறை ஒண்டும் வேண்டாம். நான் அப்பாவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதா, "அப்ப இவையும் வந்தான் வரத்தான்தானே" எண்டன். எண்டுபோட்டுச் சிரிச்சன்.

வந்தான் வரத்தான் எண்டால் என்னெண்டு உனக்கு விளங்கும் எண்டு நான் நினைக்கேல்லை. விளங்கிப்போட்டுது. உன்ரை காது சிவந்ததைக் கண்டன். எங்கடை ஊரிலை வெளியிலையிருந்து வந்து குடியிருந்தவையை அப்பிடித்தான் சொல்லுவம், பேரன் பூட்டன் காலத்துக்கும் விடமாட்டம். கலியாணப் பேச்சு வந்தால் அந்த ஒரு சொல்லோடை முறிப்பம். நானே ஒரு நல்ல சம்மந்தத்தை அப்பிடிச் சொல்லி முறிச்சிருக்கிறன், என்ரை தங்கச்சிக்கு வந்தது. அந்தப் பெடியன் தங்கமான பெடியன், இண்டைக்கும் தங்கச்சி அதை எனக்கு மன்னிக்கேல்லை. அதே வாயாலை லண்டனிலை, ஆரோ ஒருத்தரின்ரை கதிரையிலை இருந்துகொண்டு, அவையின்ரை தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு சொல்லுறன். உன்ரை மாமியார் "அம்மா என்ன சொல்லுறா?" எண்ட மாதிரி உன்னைப் பார்த்தா. நீ ஏதோ சொன்னாய். அவ என்னைப் பார்த்துச் சிரிச்சு, எழும்பி வந்து என்ரை கோப்பையை நிரப்பினா. நீ சமாளிச்சுப்போட்டாய் எண்டு விளங்கிச்சுது. என்னத்தைச் சொல்லிச் சமாளிச்சாய் எண்டு விளங்கேல்லை.

பேந்து சாப்பாடு வந்துது. வெள்ளைக் கட்டி கட்டியா, நடுவிலை ஏதோ அடைச்சுப் பொரிச்ச தோஃபு. எனக்கு முன்னாலை மட்டும் தனிக் கோப்பையிலை வைச்சா. செவ்வாய்க்கிழமை நான் மீன் இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தொடமாட்டன் எண்டு தெரியாதோ, உள்ளுக்குப் பன்றி எல்லோ இருக்கும் எண்டு நினைச்சுக் கோப்பையைத் தள்ளி வைச்சன். "அம்மா, ப்ளீஸ்" எண்டாய். நான் சோத்தை மட்டும் கொத்திப்போட்டு எழும்பினன். ரயிலிலை வரேக்கை அப்பா, "உனக்கென்ன விசரா?" எண்டு கேட்டார். வாழ்க்கையிலை அந்த மனிசன் என்னை ஏசினது அந்த ஒருநாள்தான்.

இனி நேற்றைய கதை. நீங்கள் புதுசா எடுத்த ஃபிளட்டுக்கு அனுப்ப எண்டு உன்ரை அறையை ஒதுக்கினன். அலுமாரிக்குள்ளை, கிரிக்கெட் சப்பாத்துக்குக் கீழை, ஒரு சிவப்பு மட்டைக் கொப்பி. திறந்தன். தமிழ் எழுத்து! உன்ரை கையெழுத்து, கோழி கிளறின மாதிரி, ஆனா தமிழ். வாசிச்சுப் பார்த்தால் ஒரு சொல்லும் விளங்கேல்லை. எழுத்துத் தமிழ், சொல் தமிழில்லை. கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுத் திரும்ப வாசிச்சன். "ஙாய்." பக்கத்திலை இங்கிலீசிலை "நான்" எண்டு கருத்து. "ஙி", நீ. "ஙின்", மனிசர். நீ ஹக்காவை எங்கடை எழுத்திலை எழுதிப் படிச்சிருக்கிறாய்.

கட்டிலிலை இருந்திட்டன் தம்பி. உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. ஃபாரஸ்ட் கேட்டிலை, சப்பாத்துக் கடைக்கு மேலை ஒற்றை அறையிலை இருக்கேக்கை, சுவருக்கு ஒட்டுற பேப்பரின்ரை பின்பக்கத்திலை நான் உனக்கு எழுத்து எழுதி ஒட்டினன். அ-வுக்கு அம்மா. ஆ-வுக்கு ஆடு. க-வுக்குக் கல். அடுத்ததிலை நீ விரலை வைச்சு, "ங-வுக்கு என்ன அம்மா?" எண்டு கேட்டாய். ங-விலை தொடங்கி வீட்டிலை கதைக்கிற சொல் ஒண்டு சொல்லு பார்ப்பம் எண்டால் எனக்கு மட்டுமில்லை, எந்த வாத்தியாருக்கும் வாய் அடைக்கும். "அதுக்கு ஒண்டுமில்லை. அது சும்மா இருக்கிற எழுத்து. தாண்டிப் போ" எண்டன். "பாவமெல்லோ அது" எண்டாய். நான், "எழுத்துக்கு என்னடா பாவம்? ச-வைப் படி" எண்டு குட்டினன். அந்த இடத்திலை சொல் எழுதாமல் வெறுமையா விட்டது அந்த வீட்டை விட்டு வரும்மட்டும் வெறுமையாத்தான் கிடந்தது.

நீ தமிழை விட்டது எப்ப எண்டும் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிச்சுக்கொண்டு, வாறவை போறவையிட்டை எல்லாம் "என்ன செய்யிறது, இங்கத்தைப் பிள்ளையள்" எண்டு பள்ளிக்கூடத்திலை பழி போட்டன். இல்ஃபோர்டிலை ஒரு பிறந்தநாள் விழா. எட்டு வயது உனக்கு. வயது போன ஒரு மனிசி நிண்டுகொண்டிருக்க, நீ நல்ல பிள்ளையா அவ இருக்க ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய், "பெரியம்மா, குதிரையிலை இருங்கோ" எண்டாய். கதிரை எண்டு சொல்ல வந்து குதிரை எண்டு சொல்லிப்போட்டாய். மண்டபம் முழுக்கச் சிரிச்சுது. சிரிச்சிட்டு விட்டிருக்கலாம். நான் விடேல்லை. எல்லாரிலும் பார்க்கக் கூடச் சிரிச்சது நான்தான். அதுக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கலியாணத்திலையும், "இவன்ரை குதிரைக் கதை தெரியுமோ" எண்டு தொடங்குவன். நீ பக்கத்திலை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிப்பாய். ஒரு வருசத்துக்குள்ளை நீ வாயை மூடிப்போட்டாய். பகிடிதானே எண்டு நினைச்சன். அந்த மனிசி வெங்காயத்தாள் வெட்டிக்கொண்டு செய்ததை நான் செய்திருந்தால் உன்ரை தமிழ் இண்டைக்கு என்னட்டை இருந்திருக்கும். இதுதான் நான் பேந்து சொல்லுறன் எண்டது. என்ரை பொறாமைக்கு வேர் அவவிலை இல்லை, என்னிலை.

அவைக்குச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம்கூட அவையின்ரை பாசைக்கு இல்லை எண்டு லின்டா சொன்னவள். அவள் போன சைனீஸ் பள்ளிக்கூடத்திலை கண்டனீஸ் எண்ட மற்றச் சைனாப் பாசைதான் படிப்பிச்சவையாம். சைனாக்காரருக்குள்ளையே ஹக்காவை மலைநாட்டுப் பேச்சு எண்டு சிரிக்கிற ஆக்கள் இருந்தவையாம். ஹக்காவுக்குள்ளையும் ஊருக்கு ஊர் பேச்சு வேறையாம், தகப்பன்ரை ஊர்ப் பேச்சைத் தாய் இண்டைக்கும் நெளிச்சு நக்கலடிப்பாவாம், எங்கடை ஊரிலை வடமராட்சிப் பேச்சு, தீவுப்பகுதிப் பேச்சு மாதிரித்தான். புத்தகமில்லை, வகுப்பில்லை, பரிசளிப்பு விழா இல்லை. பொரிக்கிற சட்டிக்குப் பக்கத்திலை வைச்சே அந்த மனிசி அதைப் பிள்ளைக்கும் குடுத்து, என்ரை பிள்ளைக்கும் குடுத்திட்டா. எங்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் மேடையும் மைக்கும் எல்லாம் இருந்துது. எரியாமல் என்ன செய்யும்?

கொப்பியை விட்டுப்போட்டுக் கதைக்கிறன். அடுத்த பக்கத்திலை ங எண்டு பெரிசா எழுதி, ரெண்டு கோடு கீறியிருந்தாய். வெறும் ங. பக்கத்திலை கருத்து: "என்ரை." தம்பி, அந்த எழுத்தே அவைக்கு ஒரு சொல்லாம்! அதுக்குக் கீழை, "ங ஆமே." என்ரை அம்மா. அதுக்குக் கீழை பக்கம் பக்கமா ங ஆமே, ங ஆமே எண்டுதான் கிடக்கு, பக்கத்திலை இங்கிலீசிலை கருத்து. செவ்வாய்க்கிழமை ங ஆமே மச்சம் தொடமாட்டா, மச்சச் சட்டியிலை பொரிச்சதும் தொடமாட்டா. ங ஆமேக்கு முழங்கால் நோ, சாய்மானம் உள்ளதாக் குடுங்கோ. அதிலை வாற அவையின்ரை சொல் "தென்", அதுக்குப் பக்கத்திலை மட்டும் இங்கிலீசிலை எழுதாமல், "கதிரை, குதிரை இல்லை" எண்டு தமிழிலை எழுதியிருக்கிறாய். அதைக் கண்டு நான் அழுதன். அடுத்த வரியைக் கண்டு அழுகை நிண்டுது: "ங ஆமே கோவமில்லை, அவவின்ரை முகமே அப்பிடித்தான்." அடேய்! என்ரை முகத்துக்கு என்னடா?

உடனை லின்டாவுக்கு ஃபோன் எடுத்தன். "பிள்ளை, உன்ரை அம்மாவை இவன் என்னெண்டு கூப்பிடுறவன்?" எண்டு கேட்டன். "ஆன்ரி எண்டுதான்" எண்டாள். "அண்டைக்கு ஆமே எண்டானே?" "அது உங்களைப் பற்றிச் சொன்னது, ஆன்ரி. தேத்தண்ணி குடுத்தாப் பிறகுதான் என்ரை அம்மாவை அப்பிடிக் கூப்பிடலாம். அதுக்கு முதல் கூப்பிடக்கூடாது, அது எங்கடை முறை." கேளடா கதையை. நீ அண்டைக்கு அந்த மனிசியை ஒருக்காலும் அம்மா எண்டு சொல்லேல்லை. என்னைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாய், என்ரை சாப்பாடு, என்ரை முழங்கால். அந்தத் தோஃபுவுக்குள்ளை இருந்தது காளானாம். எனக்கெண்டு புதுச் சட்டி வாங்கிப் பொரிச்சவவாம். நான் தள்ளி வைச்சதை அவ பேந்து தானே எடுத்துச் சாப்பிட்டவவாம்.

இன்னொண்டும் லின்டா சொன்னாள். "ஆன்ரி, நீங்கள் அண்டைக்குச் சொன்னது அம்மாவுக்கு நல்லாப் பிடிச்சது, எல்லாருக்கும் சொல்லுறவ" எண்டாள். நான் பயந்துபோய், "என்னத்தைச் சொன்னன்?" எண்டன். "எங்களையும் ஆக்கள் அப்பிடித்தான் விருந்தாளி எண்டு சொல்லுறவை எண்டு சொன்னீங்களாமே." இதையோ நீ மாத்திச் சொன்னாய்? நான் சொல்லாத ஒரு நல்ல வார்த்தையை என்ரை வாயிலை வைச்சிருக்கிறாய். யோசிச்சுப் பார்த்தால் பொய்யும் இல்லை. இருபது வருசம் வரி கட்டியும் பஸ்ஸிலை ஒருத்தன் என்னைப் பார்த்து எப்ப திரும்பிப் போறாய் எண்டு கேட்டவன்தானே. நானும் வந்தாள் வரத்தாள்தான்.

தம்பி, புத்தி சொல்லுற தகுதி எனக்கு இல்லை, எண்டாலும் ஒண்டு சொல்லுறன். நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்து, அது தமிழிலையோ ஹக்காவிலையோ குதிரை எண்டு பிழையாச் சொன்னால், சிரிக்க வேண்டாம். சிரிப்பு வந்தால் பாத்ரூமுக்குள்ளை போய்ச் சிரிச்சிட்டு வா. வந்து கதிரை எண்டு ஒருக்காச் சொல்லு, காணும்.

சனிக்கிழமை நான் வாறன். சாய்மானம் உள்ள தென்னிலை இருப்பன். தோஃபு இருந்தால் தின்பன், சனிக்கிழமை எண்டபடியால் உள்ளுக்கு மீன் எண்டாலும் பரவாயில்லை. நீ முழங்காலிலை நிண்டு அவவுக்குத் தேத்தண்ணி நீட்டி, ஆமே எண்டு கூப்பிடு, வடிவாக் கூப்பிடு. எனக்கு எரியும். எரியட்டும், அது என்ரை பாடு. ஆனா ஒண்டு, உன்னாணைச் சொல்லுறன்: அவ ஆமே எண்டால் ஆமேயாவே இருக்கட்டும். முன்னாலை அந்த ஒற்றை எழுத்தைச் சேர்த்துச் சொல்லுறது எனக்கு மட்டும்தான். அதை நான் ஆருக்கும் பங்கு குடுக்கமாட்டன்.

அந்தச் சுவர்ப் பேப்பர் இப்ப எங்கையோ குப்பையிலை போயிருக்கும். இருந்திருந்தால் போய் அந்த வெறும் இடத்தை நிரப்பிப்போட்டு வந்திருப்பன். அது இல்லாதபடியால் இதிலை எழுதுறன். அ-வுக்கு அம்மா. ங-வுக்கும் அம்மாதான்.

ங ஆமே